கணைய நாளத்தைக் காட்டும் செக்ரெட்டின் எம்.ஆர்.ஐ.: இராமநாதபுரம் கடற்கரை மக்கள் கேட்கும் கேள்விகள்

மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் வலி திரும்பத் திரும்ப வந்து, இரத்தச் சோதனையும் சாதாரண ஸ்கேனும் எடுத்த பிறகும் காரணம் பிடிபடாமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களில் சிலருடைய சீட்டில் "செக்ரெட்டின் எம்.ஆர்.சி.பி." என்று எழுதியிருக்கும். இந்தக் கரையில் பிறந்து, ஸ்கேன் அறையில் படம் பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, சாயல்குடிப் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இந்தச் சோதனையில் என்னதான் செய்கிறார்கள்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரந்து, நடுவே ஓடும் ஒரு நாளத்தின் வழியாக முன்சிறுகுடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்த நாளம் தலைப்பகுதியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், நடுப்பகுதியில் 2 மில்லிமீட்டரும், வாலில் 1 மில்லிமீட்டரும்தான் இருக்கும். எம்.ஆர்.சி.பி. என்பது பித்த நாளத்திலும் கணைய நாளத்திலும் தேங்கி நிற்கும் நீரை மட்டும் வெள்ளையாகவும், சுற்றியுள்ள சதையைக் கறுப்பாகவும் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை. நாளத்தில் நீர் குறைவாக இருந்தால் அது விட்டுவிட்டுத் தெரியும், அல்லது தெரியாமலே போகும்.

கோடையில் நம் ஊர்க் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயரெடுத்த இராஜசிங்கமங்கலம் கண்மாயே ஆனாலும், வறண்டு கிடக்கும்போது எந்த மடை அடைத்திருக்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று கரைமேல் நின்று சொல்ல முடியாது. தண்ணீர் திறந்து விட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டால் கணையம் நீரைத் திறந்து விடுகிறது. அந்த நீர் நாளத்தை நிரப்பி, விரித்து, குடலில் போய் இறங்குவதைத் தொடர்ந்து படம் எடுக்கிறோம். சாதாரண எம்.ஆர்.சி.பி. நாளத்தின் வடிவத்தைச் சொல்லும். செக்ரெட்டின் கொடுத்து எடுப்பது அதனோடு ஓட்டத்தையும் சொல்லும்.

ஹார்மோன் ஊசி என்கிறீர்களே, அது ஸ்டீராய்டா? உடம்பில் தங்கிவிடுமா?

ஸ்டீராய்டு இல்லை. மாதவிடாய்க்கோ தைராய்டுக்கோ கொடுக்கும் ஹார்மோன்களோடும் இதற்குத் தொடர்பில்லை. செக்ரெட்டின் உங்கள் குடலே நாள்தோறும் சுரக்கும் பொருள். இரைப்பையிலிருந்து புளித்த அமிலம் முன்சிறுகுடலில் இறங்கியதும் அங்குள்ள செல்கள் செக்ரெட்டினை இரத்தத்தில் விடுகின்றன; அது கணையத்துக்குப் போய், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் கலந்த நீரைச் சுரக்கச் சொல்கிறது. ஊசியில் இருப்பது அதே 27 அமினோ அமிலங்கள் கொண்ட பொருளைச் செயற்கையாகச் செய்தது. அதன் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

மருத்துவ வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1902 ஜனவரியில் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அதற்குள் அமிலத்தை விட்டார்கள். கணையத்தை நரம்புகள்தான் இயக்குகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நரம்பு இல்லாமலேயே கணையம் சுரந்தது. குடலின் உட்புறச் சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, அந்தச் சாற்றை இரத்தத்தில் செலுத்தியபோதும் சுரந்தது. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஹார்மோன் செக்ரெட்டின்தான். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தியதே அதற்குப் பிறகு, 1905இல். அந்தப் பழைய கண்டுபிடிப்பை எம்.ஆர்.ஐ.யோடு இணைத்து, நாளம் விரிவதையும் குடல் நிரம்புவதையும் தொடர்படமாக எடுக்கும் முறையை பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டார்கள்.

ஏற்கெனவே எம்.ஆர்.சி.பி. எடுத்தாயிற்று. மறுபடியும் எதற்கு?

இதுதான் மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை கிடைக்காமல் யாரும் வண்டி ஏற வேண்டாம் என்பது என் கருத்து. முதல் படத்தில் கணைய நாளம் முழுநீளத்துக்கும் தெளிவாகத் தெரிந்து, கல்லோ அடைப்போ கண்ணுக்கு நேராக இருந்தால், செக்ரெட்டின் புதிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை. முதல் படம் ஒரு சந்தேகத்தை மிச்சம் வைத்திருந்து, அந்தச் சந்தேகம் தீர்ந்தால் சிகிச்சை மாறும் என்றால் மட்டுமே இரண்டாவது படத்துக்குப் பொருள் உண்டு. "இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள், அது இருந்தால் என்ன செய்வீர்கள், இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்படியானால் யாருக்குத்தான் இது உண்மையில் பயன்படும்?

முதலில், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கணைய அழற்சி, அதாவது கணைய வீக்கம், வருகிறவர்கள். பித்தப்பையில் கல் இல்லை, மதுப் பழக்கம் இல்லை, இரத்தத்தில் கொழுப்பும் கால்சியமும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படுக்கையில் விழுகிறார் என்றால், நாளத்தின் அமைப்பிலேயே பிறவி மாறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த கேள்வியில் வரும் 'பிரிந்த கணையம்' அவற்றில் முதன்மையானது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அந்த அமைப்பு உள்ள நூறு பேரில் சாதாரண எம்.ஆர்.சி.பி. ஏறத்தாழ ஐம்பது பேரிடம் மட்டுமே அதைக் கண்டுபிடித்தது. செக்ரெட்டின் கொடுத்தபோது அந்த எண்ணிக்கை எண்பத்தைந்தை ஒட்டி உயர்ந்தது. இந்தச் சோதனையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, நாளம் அறுந்துவிட்டதோ என்ற ஐயம் உள்ளவர்கள். கடுமையான அழற்சியில் கணையத்தின் நடுப்பகுதி அழுகிப் போன பிறகோ, இருசக்கர வண்டியின் கைப்பிடி வயிற்றில் இடித்த விபத்துக்குப் பிறகோ, வால் பகுதி உயிரோடு இருந்து நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்த நீர் குடலுக்குப் போக வழியிருக்காது. வயிற்றுக்குள் நீர்க்கட்டி வற்றுவதும் நிறைவதுமாக இருக்கும். செக்ரெட்டின் கொடுத்ததும் அந்தக் கட்டி கண்ணெதிரே பெருத்தால், நாளத்துக்கும் கட்டிக்கும் தொடர்பு இருப்பது உறுதியாகிறது. வடிகுழாயை எங்கே வைப்பது, அறுவை தேவையா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

மூன்றாவது, நாள்பட்ட கணைய அழற்சி இப்போதுதான் தொடங்குகிறதோ என்று ஐயப்படும் நிலை. சி.டி. ஸ்கேனில் கல்லும் சுருக்கமும் தெரியும் அளவுக்கு முற்றிவிட்டால் இந்தச் சோதனை வேண்டியதில்லை. அதற்கு முந்தைய கட்டத்தில், நாளம் விரிய மறுக்கிறதா, பக்கக் கிளைகள் தலைகாட்டுகின்றனவா, குடலில் இறங்கும் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் இந்த இடத்தில் படத்தை மட்டும் நம்பி ஒருவருக்கு "நாள்பட்ட நோய்" என்று முத்திரை குத்துவதை நான் ஏற்பதில்லை. வயதானவர்களுக்கும் நாளம் இறுகும், பக்கக் கிளைகள் தெரியும்.

கணையத்தில் உள்ள சிறு நீர்க்கட்டி முதன்மை நாளத்தோடு இணைந்திருக்கிறதா என்று அறியவும், ஒரு குறுக்கம் புற்றுக்கட்டியால் வந்ததா அழற்சியால் வந்ததா என்று எடை போடவும் சில வேளைகளில் இது துணை செய்கிறது. அழற்சிக் கட்டியாக இருந்தால் அதன் ஊடாகவே நாளம் விரிந்து தெரியக்கூடும். புற்று இல்லை என்று அறுதியிட அது மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகச் செலுத்தும் கேமராக் குழாய்) வழி அல்ட்ராசவுண்டும் திசுச் சோதனையும் தேவைப்படும்.

என் அறிக்கையில் 'கணையம் பிரிந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கணையம் இரண்டாக உடைந்துவிட்டது என்று பொருள் கொண்டு கண்ணீரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவில் கணையம் முன்னும் பின்னுமாக இரண்டு மொட்டுகளாகத்தான் தோன்றுகிறது. ஏழாவது வாரத்தை ஒட்டி இரண்டும் ஒன்றுசேரும்போது அவற்றின் நாளங்களும் இணைந்து, பெரும்பகுதி நீர், நாளம் குடலில் திறக்கும் பெரிய வாயில் வழியாக வெளியேறும். சிலருக்கு நாளங்கள் மட்டும் இணையாமல் போகின்றன. அவர்களுக்குக் கணையத்தின் பெரும்பகுதி நீர் மேலே உள்ள சிறிய வாயில் வழியாகவே இறங்க வேண்டியிருக்கிறது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த அமைப்பு இருக்கலாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் இதை அறியாமலே நலமாக இருந்துவிடுகிறார்கள்.

சிறிய வாயில் குறுகலாக இருக்கும் சிலரிடம் மட்டும் அழுத்தம் கூடி அழற்சி வருவதாகக் கருதப்படுகிறது. செக்ரெட்டின் கொடுத்த பிறகு நாளம் விரிந்து, பத்து நிமிடம் கழிந்தும் சுருங்காமல் நின்றால், வாயிலில் தடை இருப்பதாக ஐயப்படுகிறோம். அந்த வாயிலை எண்டோஸ்கோப்பி மூலம் வெட்டி விரிவாக்கும் சிகிச்சை நெடுங்காலமாக நடந்து வருகிறது. அது அடுத்த அழற்சியைத் தடுக்கிறதா என்று அண்மையில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே படத்தில் பிரிந்த கணையம் தெரிந்தது என்பதற்காக மட்டும் வெட்டச் சம்மதிக்காதீர்கள். எத்தனை முறை அழற்சி வந்தது, வேறு காரணம் எல்லாம் விலக்கப்பட்டதா என்று பேசி முடிவெடுங்கள்.

சின்ன வயதிலேயே சர்க்கரையும் கணையக் கல்லும் என்கிறார்கள். எனக்கும் இந்த ஸ்கேன் வேண்டுமா?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மதுவைத் தொடாத இளவயதினருக்கு வரும் ஒருவகைக் கணைய நோய் நெடுங்காலமாக மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. சிறுவயதில் வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை, நாளத்துக்குள் பெரிய பெரிய கற்கள், விரிந்து கிடக்கும் நாளம் என்பது அதன் போக்கு. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இவர்கள் பலரிடம் காணப்படுகிறது. மரவள்ளிக்கிழங்கு தின்றதால் வந்தது என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது, அது நிறுவப்படவில்லை. கஞ்சிக்குக் கிழங்கும் மீனுமாகச் சாப்பிட்டு வளர்ந்த தாய்மார்கள் "நான் கொடுத்த சாப்பாடுதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதா" என்று கேட்கும்போது, இல்லை என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

இந்த நோயில் கல்லைக் காட்ட சி.டி. ஸ்கேனுக்கு இணையில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் கல் வெள்ளை நீருக்குள் ஒரு கறுப்புப் பள்ளமாகத்தான் தெரியும். சிறு கல் தப்பிவிடும். நாளம் ஏற்கெனவே விரிந்து, சதையும் நார்த்துப் போயிருப்பதால், செக்ரெட்டின் கொடுத்தாலும் அது மேலும் விரியாது. பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்பதே நேர்மையான விடை. அந்தச் செலவை இன்சுலினுக்கும், செரிமான நொதி மாத்திரைக்கும், கல்லை எடுக்கும் சிகிச்சைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதிலாக நேரே இ.ஆர்.சி.பி. செய்துவிடலாமே?

இ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, கணைய நாளத்தின் வாயிலுக்குள் குழாய் விட்டு, சாயம் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுப்பது. கல்லை எடுக்கவும், ஸ்டென்ட் வைக்கவும் அது இன்றியமையாதது. வெறும் நோயறிதலுக்கு அதைச் செய்வது இன்று அருகிவிட்டது. காரணம், அந்தச் சோதனையே நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. செக்ரெட்டின் எம்.ஆர்.ஐ.யில் நாளத்துக்குள் எதுவும் நுழைவதில்லை. கதிர்வீச்சும் இல்லை, அயோடின் சாயமும் இல்லை.

யாருக்கு இந்தச் சோதனை கூடாது?

கணைய அழற்சி கொதிநிலையில் இருக்கும்போது கூடாது. வீங்கிய கணையத்தை மேலும் சுரக்கச் சொல்வது சரியல்ல. வலி அடங்கி, மருத்துவர் குறிக்கும் கால இடைவெளி கழிந்த பிறகே எடுக்க வேண்டும். கல்லீரல் மதுவால் கெட்டவர்களுக்கு நீர் மிகையாகச் சுரக்கலாம். வயிற்றுப் பிடிப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளை உட்கொள்கிறவர்களுக்கும், இரைப்பை நரம்பை வெட்டும் பழைய அறுவை செய்துகொண்டவர்களுக்கும் குறைவாகச் சுரக்கலாம். ஆகையால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு காந்தம். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை இரத்தக் குழாயில் போட்ட கிளிப் உள்ளவர்கள் அதற்கான அட்டையைக் காட்டாமல் அறைக்குள் நுழையக் கூடாது. நம் கரையில் நான் கூடுதலாகக் கேட்கும் கேள்விகள் உண்டு. படகுப் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தபோது கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததா? கடலில் துப்பாக்கிச் சூட்டிலோ வெடியிலோ காயம்பட்டு உடம்புக்குள் சில்லு தங்கியிருக்கிறதா? தூண்டில் முள் உடைந்து சதைக்குள் நின்றுவிட்டதா? இவற்றை மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். தாயத்து, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளிக் குப்பி, மிஞ்சி, மூக்குத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அன்று ஒரு நாள் வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள், அது போதும்.

எப்படித் தயாராகி வர வேண்டும்?

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. இது சடங்குக்காகச் சொல்வதில்லை. வயிற்றிலும் முன்சிறுகுடலிலும் கிடக்கும் எந்த நீரும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கணையத்திலிருந்து இறங்கும் நீரை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. தொடக்க காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பி வந்த ஒரு பெரியவர், வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு டம்ளர் பால் காபி மட்டும் குடித்திருக்கிறார். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன், "இல்லை தம்பி" என்றார். காபி அவர் கணக்கில் சாப்பாட்டில் சேரவில்லை. ஊசி போட்ட பிறகுதான் குடல் முன்பே நிறைந்திருப்பதைக் கவனித்தேன். விலையுயர்ந்த மருந்து வீணானது, அவர் மறுபடியும் வர வேண்டியதாயிற்று. அன்று முதல் "கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்பதும், ஊசிக்கு முன் எடுக்கும் படத்தில் குடலைப் பார்ப்பதும் என் வழக்கம்.

சோதனைக்குச் சற்று முன் அன்னாசிப் பழச்சாறு குடிக்கக் கொடுப்பார்கள். பலருக்கு இது வியப்பாக இருக்கிறது. அன்னாசியில் உள்ள மாங்கனீஸ் வயிற்று நீரின் வெண்மையை மங்க வைத்துக் கறுப்பாக்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது கறுத்தால், கணையத்திலிருந்து புதிதாக இறங்கும் நீர் மட்டும் வெள்ளையாக எடுத்துக் காட்டும். சர்க்கரை நோயாளிகள் சாறு குடிப்பதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றில் இன்சுலினையோ மாத்திரையையோ எவ்வளவு எடுப்பது என்பதையும் முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரமலான் மாதத்தில் நோன்பு இருப்பவர்கள், சாறும் ஊசியும் உண்டு என்பதைக் கருத்தில் கொண்டு, அவசரமில்லாத சோதனையைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் எடை பார்ப்போம், ஏனென்றால் மருந்தின் அளவு ஒரு கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மைக்ரோகிராம். உத்தேச எடையைச் சொல்லாதீர்கள். கையில் ஊசிக்குழாய் போட்டு, வயிற்றின் மேல் ஒரு கவசம் போன்ற சுருளை வைத்துக் கட்டி, குகை போன்ற இயந்திரத்துக்குள் மேசையை அனுப்புவோம். படகு எஞ்சினை வெறும் காதால் கேட்டுப் பழகியவர்களுக்குக்கூட அந்தச் சத்தம் அதிகம்தான், காதடைப்பான் தருவோம்.

முதலில் செக்ரெட்டின் இல்லாமல் படம். பிறகு ஒரு நிமிட நேரம் மெதுவாக ஊசி. அதன் பின் 15 முதல் 30 நொடிக்கு ஒரு படமாகப் பத்து நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக எடுப்போம். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடிக்கச் சொல்வோம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் ஓர் அம்மாவிடம், பதினைந்து இருபது நொடி மூச்சடக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். "தண்ணிக்குள்ள அதைவிட அதிகம் இருப்போமே தம்பி" என்றார். அவருடைய படங்களைப் போல அசைவில்லாத படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

திரையில் நடப்பதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் விட்டுவிட்டுத் தெரியும் ஒரு மெல்லிய வெள்ளை நூல். ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் நூல் இடைவெளி நிறைந்து ஒரே கோடாகிறது. மூன்றாவது நிமிடத்திலிருந்து ஐந்தாவது நிமிடத்துக்குள் அது தடிக்கிறது. செக்ரெட்டின் முதலில் நாளத்தின் வாயிலில் உள்ள தசையையும் சற்று இறுக்குவதால் நீர் தேங்கி நாளம் விரிகிறது. பிறகு தசை தளர்கிறது. முன்சிறுகுடலின் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, கீழ்நோக்கிப் படர்கிறது. பத்தாவது நிமிடத்தில் நாளம் பழைய பருமனுக்குத் திரும்பிவிட வேண்டும். எந்த இடத்தில் இந்த ஒழுங்கு பிசகுகிறது என்பதைத்தான் நாங்கள் படிக்கிறோம்.

பக்க விளைவு உண்டா?

முகம் சூடாகிச் சிவப்பது, குமட்டல், லேசான வயிற்று வலி ஆகியவை சிலருக்கு வரும். சில நிமிடங்களில் அடங்கும். ஒவ்வாமை அரிது. சில இடங்களில் முதலில் மிகச் சிறிய அளவு கொடுத்துப் பார்த்துவிட்டே முழு அளவைச் செலுத்துவார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு கடும் வலியோ தொடர்ந்த வாந்தியோ வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அறிக்கையில் உள்ள எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

நாளம் ஊசிக்கு முன் எத்தனை மில்லிமீட்டர், உச்சத்தில் எத்தனை, கடைசியில் எத்தனை என்று எழுதியிருக்கும். குடல் நிரம்புதலுக்கு 0 முதல் 3 வரை தரம் உண்டு. நீரே இறங்கவில்லை என்றால் 0. முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழில் மட்டும் என்றால் 1. கீழ் வளைவு வரை என்றால் 2. அதையும் தாண்டிப் போனால் 3, இதுவே இயல்பு. குறைந்த தரம் வந்தால் கணையத்தின் சுரப்பு குன்றியிருக்கலாம், ஆனால் மருந்து சரியாகச் சேமிக்கப்படாமல் வீரியம் இழந்திருந்தாலும் அதே தரம்தான் வரும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியை அளக்கும் எளிய சோதனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அது ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சுரப்புக் குறைவு என்று கருதுகிறோம்.

பிள்ளைகளுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். கதிர்வீச்சு இல்லாததால் திரும்பத் திரும்ப அழற்சி வரும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. ஏழெட்டு வயதுக்கு மேல் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பலர் அசையாமல் இருந்துவிடுவார்கள்; சிறியவர்களுக்கு மயக்க மருந்து தேவைப்படும்.

எங்கள் ஊரிலேயே எடுக்க முடியுமா?

எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருக்கும் எந்த இடத்திலும் கொள்கையளவில் எடுக்கலாம். சிக்கல் மருந்தில் இருக்கிறது. செக்ரெட்டின் பொடியை மைனஸ் 20 டிகிரியில் உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் மீனை மதுரைக்கு அனுப்பிப் பழகிய நமக்கு ஐஸ் போதும் என்று தோன்றும். ஐஸ் காப்பாற்றுவது பூஜ்ஜிய டிகிரியைத்தான். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்த மருந்தை நம்ப முடியாது. கரைத்த பிறகு உடனே பயன்படுத்திவிட வேண்டும். அதனால் பெரும்பாலான மையங்கள் இதை இருப்பில் வைப்பதில்லை. நாள் குறித்த பிறகுதான் வரவழைக்கிறார்கள்.

இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; முதல் ஆலோசனைக்கும் அடிப்படைச் சோதனைகளுக்கும் அங்கேயே போகலாம். இந்தச் சோதனைக்கு மதுரை வரை போக வேண்டியிருந்தால், அது இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் போன் செய்து நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்து கைக்கு வந்துவிட்டதா, கணைய நாளத் தொடர்படம் எடுத்துப் பழகியவர் அன்று இருப்பாரா, மருந்துக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா. மருந்து வரவில்லை என்றால் போகாதீர்கள், வெறும் எம்.ஆர்.சி.பி. எடுத்து அனுப்பிவிடுவார்கள், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் தொழிலுக்குப் போக வேண்டியதில்லை என்பதால், அவசரமில்லாதவர்கள் பலர் அப்போது நாள் வாங்குகிறார்கள்.

பழைய படங்கள் எல்லாவற்றையும், குறுந்தட்டில் பதிந்து கொடுத்ததையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நாளம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பருமனில் இருந்தது என்பது, இன்றைய படத்தில் கிடைக்காத செய்தி.

படம் முழுக்க இயல்பு என்று வந்தால் என் வலிக்கு என்ன காரணம்?

இயல்பான படம் வந்தால் நாளத்தில் தடை இல்லை, சுரப்பு ஓடுகிறது, அறுபடவில்லை என்று பொருள். உங்கள் வலி பொய் என்று பொருளில்லை. இரைப்பைப் புண், பித்தப்பைச் சேறு, குடல் இயக்கக் கோளாறு, வயிற்றுச் சுவர் நரம்பு வலி என்று மேல்வயிற்றில் வலிக்கக் காரணங்கள் பல. மருத்துவர் அந்தத் திசைகளில் தேடத் தொடங்குவார். அழற்சி உண்மையிலேயே வந்து போனது இரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவால் உறுதியாகியிருந்தால், மரபணுச் சோதனையைப் பற்றியும் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டைப் பற்றியும் கேளுங்கள். அடுத்த முறை வலி வரும்போது, வலி தொடங்கிய முதல் நாளிலேயே இரத்தம் கொடுத்து லைப்பேஸ் பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நான்காம் நாளில் பார்த்தால் அளவு இறங்கத் தொடங்கியிருக்கும்.

சோதனை முடிந்ததும் எப்போது சாப்பிடலாம்?

குமட்டல் இல்லையென்றால் உடனே சாப்பிடலாம். இட்லி, கஞ்சி, மோர் சாதம் போல எண்ணெய் குறைந்ததாக இருக்கட்டும். அன்றே பஸ்ஸிலோ இரயிலிலோ ஊர் திரும்பலாம். மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும் துணைக்கு ஒருவர் வேண்டும்.